அனுப்பும் முன்பே சேர்ந்த பார்சல்கள்

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். வேறு யாருடையதாக இருக்க முடியும்?

வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்கு முதலில் வரும் நினைப்பு இதுதான். பார்சல் கம்பெனியில் அவள் வேலை நிரந்தரமாகுமா என்பது இன்று தெரிந்துவிடும். அவள் எழுதிய புரோகிராமோ, இந்தக் கிளையின் பார்சல்கள் அனுப்புவதற்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சாதிக்கிறது.

"ஏம்மா, மத்தியானம் முதலாளி வர்றாரு. ரிப்போர்ட் ரெடியா?" மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் மேஜையில் 'அதிவேகக் கிளை' கேடயம் பளபளத்தது.

"தேதியில சின்னச் சிக்கல் சார். இதோ முடிச்சிடறேன்."

புரோகிராம் மாதத்தை நாளாகவும் நாளை மாதமாகவும் படித்திருக்குமோ? மாற்றிப் போட்டாள். ஒரு பிறந்தநாள் கேக் ஒன்பது மாதம் பயணம் செய்தது.

"கேக்கு என்ன பிள்ளைத்தாச்சியா?" என்றார் மேனேஜர்.

அவள் தேதியைப் பழையபடி ஆக்கினாள். கம்ப்யூட்டர் வேறு நாட்டு நேரத்தில் ஓடுகிறதோ? சில மணி நேரம் கூட்டிப் பார்த்தாள். ஊர் அடங்கிய பிறகு எல்லா வீட்டுக் கதவும் தட்டப்பட்டிருந்தது.

"நம்ம ஆளுங்க குடுக்கப் போனாங்களா, திருடப் போனாங்களா?"

அதையும் அழித்தாள். மற்றக் கிளைகளின் தேதிகள் சமர்த்தாக வரிசையில் நின்றன. இங்கே மட்டும் தலைகீழ். எதைத் தொட்டுக் கெடுத்தேன்? இந்த வேலையும் போய்விட்டது என்று வீட்டில் எப்படிச் சொல்வேன்?

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "விடும்மா. முன்னாடி இருக்கிற தேதியைப் பின்னாடி தள்ளிடு. பார்க்க லட்சணமா இருந்தா போதும். உன் பர்மனென்ட் ஆர்டர்ல சாயங்காலமே கையெழுத்துப் போடறேன்."

அவள் விரல்கள் கீபோர்டுக்குப் போயின. அப்போது வேன் டிரைவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"சார், நாளைக்கு அனுப்பற பார்சலுக்கும் 'சேர்த்தாச்சு'ன்னு போன்ல இன்னிக்கே அமுக்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே! கேடயம் நம்மள விட்டு எங்க போயிடும்?"

மேனேஜர் கேடயத்தைப் பார்த்தார், பிறகு அவளை. "நீ... தேதியை மாத்திடும்மா."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். என் புரோகிராம் சரியாத்தான் இருக்கு."