நோலாவைப் பயமுறுத்தப் புத்தகக் கடைக்குப் போனேன்

அந்தச் சனிக்கிழமை படகில் போய் மீன் பிடித்தே தீருவது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எங்கள் நியூசிலாந்து டனீடனில் காற்றும் மழையும் சேர்ந்தாற்போல லீவு போடுவது அபூர்வம். வானிலை அறிக்கை எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை என் மனைவி நோலா குண்டைப் போட்டாள்.

"இந்த மாசம் நம்ம முறைங்க. சர்ச் பாட்டுக் குழுப் பொம்பளைங்க எல்லாம் சனிக்கிழமை டீக்கு வர்றாங்க."

"வரட்டும். நான் கடல்ல இருப்பேன்."

"எனக்குத்தான் கவலையா இருக்கு. முறையா ஒரு டீ விருந்து வைக்க எனக்கு என்ன தெரியும்? புத்தகம் கித்தகம் இருந்தாத் தேவல."

அவள் முகத்தில் பயம். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத பயம். என் மூளை குப்பென்று பற்றிக்கொண்டது. பயப்படுகிறவளை இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினால் விருந்தே ரத்து. கடல் எனக்கு.

"கிளம்பு, புத்தகக் கடைக்கு" என்றேன்.

கடை மூன்று மாடி. மேல் மாடியில் டீக்கென்றே ஒரு சுவர். டீயின் சரித்திரம், டீ மேஜைக்கு விரிப்புப் போடுவது, டீ குடிக்கும்போது சுண்டுவிரலை எங்கே வைத்துக்கொள்வது. இலையை வெந்நீரில் போடுகிற சமாசாரத்துக்கு இத்தனை மரம் வெட்டியிருக்கிறார்கள். நோலாவை அங்கிருந்த சோபாவில் உட்காரவைத்தேன். இருப்பதிலேயே தடியான புத்தகத்தை இறக்கினேன். எதிரே நின்று, செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தேன்.

"வெள்ளரிக்காயைக் காகிதம் போலச் சீவ வேண்டும். மறுபக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும்."

"ஐயோ, எனக்குக் கட்டை கட்டையாத்தானே வரும்."

"ஸ்கோன் ரொட்டி அடுப்புச் சூட்டோடு விருந்தாளி தட்டுக்குப் போக வேண்டும். ஆறினால் அவமானம்."

அவமானம் புத்தகத்தில் இல்லை. நான் சேர்த்தது.

"தேநீரை வெள்ளி வடிகட்டியில்தான் வடிகட்ட வேண்டும்."

வடிகட்டின முட்டாள் யார் என்று மட்டும் அதில் போடவில்லை.

நோலா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு அம்மாள்கள் நின்று கேட்டார்கள். என் குரலில் கம்பீரம் ஏறியது. ஸ்கோனில் முதலில் தடவ வேண்டியது ஜாமா, க்ரீமா என்ற அத்தியாயத்தில் நோலா கையைத் தூக்கிவிட்டாள்.

"போதுங்க. இது என்னால ஆகாது."

"நானும் அதான் நெனச்சேன். வர வேண்டாம்னு எல்லாருக்கும் போன் பண்ணிடலாமா?"

"எதுக்கு? நீங்கதான் இருக்கீங்களே. என்னமாப் புரிஞ்சு வாசிக்கிறீங்க. நீங்க செய்யுங்க, நான் நாற்காலி எடுத்துப் போடறேன்."

"நானா? எனக்கு முட்டை உடைக்கக்கூடத் தெரியாது."

"வெளிச்சம் தெரியறாப்ல வெள்ளரிக்காய் சீவறவருக்கு முட்டை என்னங்க பிரமாதம்?"

இரண்டு அம்மாள்களும் கை தட்டினார்கள். கைதட்டல் வாங்கிய ஆம்பிளை பின்வாங்க முடியுமா?

சனிக்கிழமை கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் தட்டு ஸ்கோனைக் கடற்காகங்களுக்குப் போட்டேன். அவை ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போய்விட்டன. இரண்டாவது தட்டு பொங்கி எழுந்தது. நானும் எழுந்தேன். பாட்டுக் குழுவின் பெரிய தொண்டைக்காரி பெவர்லி, ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "ராஸ், இன்னொண்ணு" என்றாள். எனக்கு மீன் மறந்தே போயிற்று. நோலா நடு நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்து, "எல்லாம் அவர் கைப்பக்குவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெவர்லியை அழைத்துப் போக அவள் புருஷன் நெவில் வந்தார். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். என் இடுப்பில் ஏப்ரன், மூக்கில் மாவு. அவர் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டினார். துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"புத்தகக் கடை மேல் மாடி சோபாதானே?" என்றார் மெதுவாக.

தலையாட்டினேன்.

"போன மாசம் எங்க முறை. பெவர்லி என்னைக் கேக் வரைக்கும் வாசிக்க விட்டா. உங்கள எதுல நிறுத்தினாங்க?"