மேட்டில் ஏறிய கல்

அது மேட்டூர் அணை கட்டி முடிந்த வருஷமா, அதற்கு முந்திய வருஷமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு கல்லோடு ஊருக்கு வந்த சாமியாரின் பெயரும் மறந்துவிட்டது. ஊருக்கு ஊர் வேறு பெயர் வைத்துக்கொண்டவரின் பெயரை நினைவில் வைத்து என்ன செய்ய? கல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஜலகண்டாபுரமே அந்தக் கல்லைப் பார்க்கக் கோயில் மண்டபத்தில் முண்டியடித்தது. தறிகள் தூங்கின. நடுவில் பருத்து, இரு முனையும் கூம்பிய கருங்கல். அதற்கென்று ஒரு சாய்வுப் பலகை. அதன்மேல் இரண்டு பித்தளைத் தண்டவாளங்கள். தாழ்ந்த முனையில் கல்லை வைத்துவிட்டுச் சாமியார் கண்ணை மூடுவார். கல் தானாக உருண்டு மேடேறும்!

"உலகம் பிறக்கிறதுக்கு முன்னால சூரியன், சந்திரன், நீ, நான் எல்லாம் ஒரு கடுகுக்குள்ள இருந்தோம். அன்னிக்குக் கனமும் இல்லை, இழுப்பும் இல்லை. கடுகு வெடிச்சப்போ தெறிச்ச முதல் துண்டு இது. பூமியால இதை இழுக்க முடியாது!" என்பார் சாமியார்.

பிரபஞ்சம் முழுதும் ஆதியில் ஓர் அணுவுக்குள் அடங்கியிருந்திருக்கலாம் என்று சீமையில் சிலர் கணக்குப் போட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. சாமியார் அந்தச் செய்தியை எந்தப் பத்திரிகையிலோ அரைகுறையாகப் படித்திருக்க வேண்டும். அவருக்குத் தடுமாற்றமே இல்லை. கல்லைக் கழுவிய தண்ணீரை விற்றார்.

இழுப்பே இல்லாத அந்தக் கல்லைத் தூக்கிவர மட்டும் ஒரு தடித்த சிஷ்யனுக்கு மூச்சிரைத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கமலவேணிக்கு அந்தத் தண்ணீர்தான் பகை. அவள் புருஷன் வீரபாகு குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மாத்திரையைச் சாமியார் பேச்சைக் கேட்டுச் சாக்கடையில் எறிந்துவிட்டான்.

"ஏனுங்க, மறுக்கா மாத்திரை வாங்கியாந்துட்டனுங்க. முழுங்குங்க."

"போ புள்ளே! கல்லையே மேலே ஏத்துறவருக்கு என்ற காச்சலைக் கீழே எறக்கத் தெரியாதா?"

அவள் மாத்திரையை மடியில் முடிந்துகொண்டாள். மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். கல் எந்தப் பக்கம் போகிறது என்று ஊர் பார்த்தது. தறிக்காகத் தெருவில் நீட்டிய பாவு நூலில் எந்த இழை தொய்கிறது என்று பார்த்தே பழகிய கண் அவளுடையது. அது கல்லின் முதுகைப் பார்த்தது. கல் நகர நகர, முதுகு தாழ்ந்துகொண்டே போயிற்று.

அடுத்த நாள் வீரபாகுவைக் கம்பளியோடு இழுத்துக்கொண்டு போனாள். பலகையின் இரு முனையிலும் ஒரே உயரக் குச்சிகளைத் தரையில் நிறுத்தி, தாழ்ந்த முனையில் இருந்த கல்லின் முதுகைத் தொட்டாற்போல் ஒரு நூலை விறைப்பாகக் கட்டினாள்.

"சாமி, கல்லு மேலே ஏறுச்சுன்னா நூலை முட்டித் தூக்கணுமில்லைங்க?"

"ஆமாமா!" என்றது கூட்டம்.

கல் உருண்டது. மேட்டு முனையில் நின்றபோது, நூலுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது.

"பொம்பளைத் தீட்டு! கல்லு கோவிச்சுக்கிச்சு!" என்று சாமியார் அலறினார்.

"கோவமெல்லாம் இல்லைங்க. தண்டவாளம் மேலே போகப்போக விரியுது. விரிய விரிய, நடு பருத்த கல்லு உள்ளே எறங்குது. எறங்குறதைத்தான் நாம ஏறுதுன்னு கும்பிடுறோம்."

"சாமி கல்லையா சோதிக்கிறே? வாய் அழுகும்!" என்றார் கோயில் தர்மகர்த்தா சண்முகவேல்.

கமலவேணி, மண்ணெண்ணெய் விற்கும் மாரக்காளிடம் இரண்டு புனல் வாங்கினாள். வாயோடு வாய் சேர்த்துத் துணி சுற்றி, பாவுக்குப் போடும் கஞ்சியால் ஒட்டிப் பலகையில் வைத்தாள். மண்ணெண்ணெய் நாற்றத்தோடு புனல் கம்பீரமாக மேடேறியது.

"அடி ஆத்தா! என்ற புனலும் கடுகுக்குள்ளயா இருந்துது?" என்றாள் மாரக்காள்.

முதலில் சிரித்தவன் வீரபாகு. சிரித்து, இருமி, மூச்சு வாங்கிக் கையை நீட்டினான்.

"மாத்திரையை எடு புள்ளே."

வீரபாகு பிழைத்து, ஐப்பசியில் தறியில் உட்கார்ந்தான். சண்முகவேலுக்கும் அதே காய்ச்சல் வந்தது. மிச்சமிருந்த கல் தீர்த்தத்தையே குடித்து மார்கழியில் செத்தார். சாமியார் பள்ளிபாளையத்தில் வேறு பெயரில் கடை விரித்தார். அங்கேயும் நல்ல கூட்டம். புனல் கிடைக்காத ஊரா அது? கேள்வி கேட்கத்தான் ஆளில்லை. நீங்களாவது கேளுங்கள்.