பார்க்க மட்டும் வளர்ந்த முட்டைக்கோஸ்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை என் மகள் முதலில் பிரித்துப் படித்துச் சிரித்து முடித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் புதிய குடியிருப்பின் நடுவே, எங்கள் குடியிருப்பைப் போல விளைநிலம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்காதீர்கள். முப்பத்தாறு வருடம் வகுப்பில் நின்றவன், காரணம் சொல்லாமல் விடமாட்டேன்.

எங்கள் நாற்பது வீடுகளுக்கு நடுவே அரை ஏக்கர் இருக்கிறது. அதில் விளைவதைக் குடியிருப்பவர்களே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வருடம் அது கார் நிறுத்துமிடமாகும் என்பது கட்டட அனுமதியோடு நகரமைப்பு அலுவலகம் போட்ட நிபந்தனை. நிலத்தை விற்றவரே அதில் சம்பளத்துக்குப் பயிர் செய்கிறார்; எல்லோருக்கும் அவர் 'நிலத்துக்காரர்'. அவர் கை பட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும். முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் தலைமையாசிரியர் தோரணையில் உட்கார்ந்திருந்தது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. நிலத்தைப் பார்த்த பால்கனி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள், அந்தக் காட்சி கலைந்துவிடாமல் காவல் காக்கத் தொடங்கினார்கள். நிலத்துக்காரர் கத்தியை எடுத்தால் போதும், இரண்டாம் மாடிப் பல் மருத்துவர் கைதட்டி நிறுத்துவார். "அந்த வரிசையில கை வைக்காதீங்கண்ணே, நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கும்" என்பார். விளைச்சல் குழுத் தலைவன் என்ற முறையில் நானும் என் பங்குக்கு, வீட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்துப் பலகை நட்டேன். புது நோட்டைக் கொடுத்தால் எழுதாமல் அட்டையைத் தடவிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் உண்டல்லவா, அந்தக் கதைதான்: தன் வரிசை என்றானதும் ஒருவருக்கும் வெட்ட மனம் வரவில்லை. கோஸ் வெடிக்கத் தொடங்கியது, பீன்ஸ் முற்றி நாரானது, நாங்களோ கடையில் காய் வாங்கிக்கொண்டு அதே நிலத்தின் ஓரமாக நடந்து வீடு சேர்ந்தோம்.

மூன்றாம் வருடம் பிறந்ததும், போன வாரம் நகரமைப்பு அதிகாரி அம்மா வந்து சுற்றிப் பார்த்தார். "சார், இது தோட்டமா, சுவர்ல மாட்டற படமா?" என்றார். ஏழு நாளில் திரும்பி வருவேன், இங்கே விளைவது அடுப்புக்குப் போகவில்லையென்றால் கார் நிறுத்துமிடம்தான் என்று குறித்துக்கொண்டு போனார். நிலத்துக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வாத்தியாரே, நிலத்த வித்த அன்னிக்குக்கூட எனக்கு வலிக்கல. நட்டத தின்ன ஆளில்லைங்கறதுதான் வலிக்குது."

கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், நேற்றுக் கூட்டம் போட்டேன். தேர்வுக்கு முதல் நாள் பாடம் நடத்துவதைப் போல நடத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே நடத்திவிட்டேன் போலிருக்கிறது. இன்று காலை நாற்பது வீடும் கூடையோடு இறங்கியது. கணக்குத் தணிக்கையாளர் முள்ளங்கியின் இலையை மட்டும் கொய்துகொண்டு, அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் போனார். கிழங்கைப் பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்துக்கொண்டார். பல் மருத்துவர் கேரட்டைத் தம் தொழில் முறைப்படி ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். லிஃப்டில் பூசணிக்காய்கள் ஏறியதும் ஆள் ஏற இடமில்லை. பத்து மணிக்குள் அரை ஏக்கரும் மொட்டை. மதியம் அதிகாரி வந்தால் காட்டுவதற்கு ஓர் இலை கிடையாது. ஆகவே மாப்பிள்ளை, நிலம் வேண்டாம், புல்தரை போடுங்கள். அதை யாரும் தின்னவும் மாட்டார்கள், தின்னவில்லையே என்று யாரும் வருந்தவும் மாட்டார்கள்.

நீங்கள் எழுப்பும் சுவர்களில் விரிசல் விழாதிருக்கட்டும். மகளுக்கு என் ஆசிகள். அத்தை உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். அதிகாரி வந்தார். வெறும் மண்ணைப் பார்த்ததும் முகம் மாறி, "எங்க சார் விவசாயம்?" என்றார். நிலத்துக்காரர்தான், "மேல போயிருக்கும்மா" என்று படிக்கட்டைக் காட்டினார். அம்மா ஏறினார். கதவுக்குக் கதவு முட்டைக்கோஸ் வெந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் மூக்கைப் பொத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இப்போது கீழே அடுத்த விதைப்பு நடக்கிறது. பல் மருத்துவர் பால்கனியிலிருந்து, "அண்ணே, நம்ம வரிசையில எது முதல்ல வெட்ட வரும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நிலம் கட்டாயம் வையுங்கள். பால்கனிகளை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட்டு, சமையலறைகளை நிலத்தைப் பார்த்து வைத்து, ஒரு படிக்கட்டை நேராக மண்ணிலேயே இறக்குங்கள்.