சுவரில் ஒட்டிய கபன்

பதுளை,
ரஜபு பிறை 12.

வெலிமடையில் கடை நடத்திவரும் என் கண்ணியமிக்க நானா ஹாஜி ஷுக்ரி அவர்களுக்கு, தங்கை ரஹ்மத்தும்மா ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் நோவு தீர ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நீங்கள் நெடுநாள் வாழவேண்டும், நானா. அடுத்த ஹஜ்ஜுக் கப்பல் திரும்பும் வரையாவது கட்டாயம் வாழவேண்டும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து வாசியுங்கள்.

என் மகள் ஸவாஹிராவைப் பெண் பார்க்கப் பண்டாரவளையிலிருந்து வெள்ளிக்கிழமை ஆள் வருவதென்று ஆனதும், முன் அறைக்கும் உள் அறைக்கும் நடுவிலுள்ள பலகை மறைப்பு என் கண்ணை உறுத்தியது. பலகைக்குப் பலகை இடுக்கு. அங்கே மாப்பிள்ளை தும்மினால் இங்கே பெண்ணின் முகத்தில் படும். உங்கள் மச்சான் மொஹிதீன், "இதுக்கு என்னத்துக்கு ஆளு?" என்று தானே சாக்கைக் கிழித்து இடுக்குகளில் ஒட்டிச் சுண்ணாம்பு பூசினார். பசையை அடியில் தடவாமல் மேலே தடவினார். மறுநாள் சாக்குத் துண்டெல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன. மூலை, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கிவிட்டது.

ஹாலிஎலத் தோட்டத்துக் கொத்தன் இராமையாவைக் கூப்பிட்டோம். மூலையை விரலால் தட்டிவிட்டு, "மொதலாளி, இது சொவராங்க, பணியாரமாங்க?" என்றான். எல்லாவற்றையும் சுரண்டினான். "பசைய மொதல்ல பலகையில பூசணுங்க. துணிய அதுமேல வச்சு நடுவுலருந்து ஓரத்துக்கு வழிக்கணும். மூலைக்கு மட்டும் நீளவாக்குல ரெண்டா மடிச்சுக் குடுக்கணும். சாக்கு ஆகாது, மெல்லிசா வெள்ளத்துணி வேணுங்க." நான் உள்ளேயிருந்து, பொறுங்கோ, பழந்துணி தேடித்தாறேன் என்று சொல்லி முடிக்குமுன் உங்கள் மச்சான் பெட்டியைத் திறந்து ஒரு துணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

சுவர் பால்போல வழுவழுவென்று வந்தது. மூலையில் நூல் பிடிக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் பெட்டிக்குக் கற்பூரம் போடப்போனேன் நானா, உங்கட கபன் இல்லை. மௌத்தானால் உங்களைப் பொதிந்து அடக்க என்று மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து, ஈரமில்லாத வீடென்று என்னிடம் ஒப்படைத்தீர்களே, அது. கொப்பியில் என் கையாலேயே பதினாலு முழம் என்று பதிந்திருக்கிறேன். கேட்டதற்கு உங்கள் மச்சான், "வெள்ளையா இருந்திச்சி, குடுத்தேன். நானா இப்பவே மௌத்தாகவா போறாரு?" என்கிறார்.

பிய்த்தால் கபனைப் பிய்த்த பாவம். விட்டால் நம்பித் தந்த அமானிதத்தைச் சுவரில் ஒட்டிய பாவம். அதனால் அதில் யாரும் சாயக்கூடாது, கை கால் முகம் கழுவி உளூச் செய்யாமல் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை வந்த மாப்பிள்ளையின் உம்மா ஸகீனா நேராகப் போய் அதில்தான் சாய்ந்தார். "ஐயோ ராத்தா, சாயாதீங்கோ!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சம்பந்தம் போச்சு என்று நடுங்கி, உள்ளதைச் சொன்னேன். அந்த மனுஷி எழும்பி, ஸலவாத்துச் சொல்லிச் சுவரைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்பிடிப் பேணுதலான வூட்டுல பொண்ணெடுக்காம வேறெங்க எடுக்கிற?" என்று அங்கேயே பேச்சை முடித்தார். போகும்போது கொஞ்சம் சுண்ணாம்பைச் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டும் போனார்.

ஆகவே உங்கள் மருமகளின் கலியாணம் உங்கள் கபனால்தான் நடக்கிறது. மனம் பொருந்தி, ஹலாலாக்கினேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறு கபன் வரும்வரை மழையில் நனையாதீர்கள், ஏணியில் ஏறாதீர்கள், வழுக்கும் கிணற்றடிக்குப் போகாதீர்கள். அல்லாஹ் உங்கள் ஆயுளையும் வியாபாரத்தையும் நீட்டித் தரட்டும். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.

தங்கை,
ரஹ்மத்தும்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரம் இராமையா வெற்றிலை பாக்கும் பலகாரமுமாக வந்து நிற்கிறான். "மொதலாளியம்மா, அம்புட்டு நல்ல துணியக் கிழிக்க மனசு வரலைங்க. எம் பழைய வேட்டியத்தான் கிழிச்சு ஒட்டினேன். அந்த நல்ல துணிய நான் எடுத்துக்கவான்னு மொதலாளிகிட்ட கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்காம 'எடுத்துக்க'ன்னாரு. நேத்து எம் மகன் அதக் கட்டிக்கிட்டுத்தாங்க தாலி கட்டினான். எட்டு முழம் வேட்டி, ஆறு முழம் தலப்பா!" நானா, அது என்ன துணியென்று நான் அவனிடம் சொல்லவில்லை. சுவரில் இருப்பது என்ன துணியென்று ஸகீனாவிடமும் சொல்லப்போவதில்லை. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். இரண்டு ஜோடியும் நீடூழி வாழ துஆச் செய்யுங்கள். இராமையாவின் மகனுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.