விதுரனின் கடைசிச் சுற்று

கார்கள் வரிசை பிடித்து மெதுவாக உருண்டுகொண்டிருந்தன. பச்சைக் கொடி விழவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மடிக்கணினியில் படம் அப்படியே நின்றுபோனது.

நகுலேஸ்வரனின் வாய் நிற்கவில்லை. "கொடி விழுந்தாயிற்று நேயர்களே, பாய்கின்றன கார்கள்" என்று அவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

பல்லரோ சந்தையில் பவுலின் பலசரக்குக் கடை. அதன் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மைக். பலெர்மோவின் தமிழ் இணைய வானொலி என்பது இவ்வளவும்தான். கனடாவில் நடக்கும் ஸ்டொக் கார் பந்தயத்துக்கு இங்கிருந்து தமிழில் நேர்முக வர்ணனை சொல்லவேண்டிய தேவை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. லிபெர்த்தா தெருவில் ஒரு வெள்ளைக்காரச் சிஞ்ஞோராவின் வீட்டைக் கூட்டித் துடைக்கும் நகுலேஸ்வரனுக்கு. பந்தயத்தில் ஓடும் விதுரன் கனடாவிலிருக்கும் அவருடைய அக்கா நாகபூசணியின் மகன்.

அக்கா அவரோடு கதைத்து வருடக்கணக்காகிறது. அம்மாவின் செத்தவீட்டுக்கு நகுலேஸ்வரன் ஊருக்குப் போகவில்லை. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த காலம். போனால் திரும்பி வரமுடியாது. "சாட்டுச் சொல்லாதை" என்று போனை வைத்த அக்கா பிறகு எடுக்கவேயில்லை. மகனின் பெயர் எங்கே ஒலித்தாலும் அக்கா காது கொடுப்பார் என்பது தம்பிக்குத் தெரியும். அக்காவின் குரலை ஒருதரம் கேட்டுவிடமாட்டோமா என்று ஏங்கித்தான் ஞாயிறு தவறாமல் இந்தக் கத்தல்.

மைக்கைப் பொத்திக்கொண்டார். "பவுல், படம் நிண்டுட்டுது."

"கொஞ்சம் சமாளியுங்கோ அண்ணை. மூடித் திறந்து பாக்கிறன்."

சமாளித்தார். "மஞ்சள் கொடி, நேயர்களே. இரண்டு கார்கள் மோதிவிட்டன. பாதையைத் துப்புரவாக்கும்வரை எல்லோரும் மெதுவாகத்தான் போகவேண்டும்."

பவுல் மூடித் திறந்ததில் நின்ற படமும் போய்விட்டது. கறுப்புத் திரையில் நகுலேஸ்வரனின் முகம்தான் தெரிந்தது.

அவருடைய வாயில் கார்கள் மெதுவாகவே போய்க்கொண்டிருந்தன. பாதையைக் கூட்டிக்கொண்டேயிருந்தார்கள். சிஞ்ஞோராவின் நீண்ட விறாந்தையைக்கூட அவர் இவ்வளவு நேரம் கூட்டியதில்லை.

போர்கோ வெக்கியோப் பக்கமிருந்து இராசாத்தி என்ற நேயர் அழைப்பில் வந்தாள். "என்ன அண்ணை இது, ஊர்வலமோ? ஓட விடுங்கோ."

ஓட விட்டார். வில்லங்கம் வேண்டாமென்று விதுரனைக் கடைசிக்கு முந்திய இடத்தில் வைத்தார். அந்த இடத்தில் வந்தவனைப் பற்றிப் பிறகு யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

இராசாத்தி விசாரித்தாள். "எங்கடை பெடியனை ஏன் அண்ணை பின்னுக்கு விட்டனீங்கள்?"

"நான் விடேல்லைப் பிள்ளை. அவன்தான் அப்பிடிப் போறான்."

"அவன்ரை தாய் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மனம் என்ன பாடுபடும்?"

அது போய்த் தைத்தது. உடனே விதுரன் ஒரு காரை முந்தினான். பிறகு மூன்றை. இடப்பக்கம் திரும்பினான், மறுபடி இடப்பக்கம் திரும்பினான். முட்டை வடிவப் பாதையில் வலப்பக்கம் திரும்பும் வேலையே இல்லை. அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. நாலு வளைவுக்குள் பையன் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டான்.

"அவன் வெண்டால் நான் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு வெறுங்காலோடை மலை ஏறுறன்" என்று இராசாத்தி ஒலிபரப்பிலேயே நேர்ந்துவிட்டாள். பலெர்மோவில் நம்மவர்கள், சைவமோ வேதக்காரரோ, அந்தப் புனிதைக்கு வைத்த நேத்தியில் விளையாடுவதில்லை. கடைக்கு முன்னால் சனம் சேர்ந்துவிட்டது. பவுல் வந்தவர்களுக்குக் கற்கண்டு கொடுக்கத் தொடங்கியிருந்தான்.

நகுலேஸ்வரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வென்றான் என்றால், பொய்க்கு ஒருத்தி மலை ஏறுவாள். தோற்றான் என்றால், அக்காவின் பிள்ளையைத் தன் வாயாலேயே தோற்கடித்ததாகிவிடும். எதைச் சொன்னாலும் இரவுக்குள் உண்மை வெளியில் வரும். சாட்டுச் சொல்லுகிறவன் என்று வைத்திருந்த அக்காவுக்கு, புளுகன் என்பதும் உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு அந்தக் குரல் இந்தப் பிறவியில் கிடைக்காது.

"கடைசிச் சுற்று, நேயர்களே" என்றார். விதுரனை முதல் காரோடு ஒட்டி ஓடவிட்டார்.

மேசையிலிருந்த போன் அடித்தது. பவுல் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் கடை விளம்பரத்தை ஓடவிட்டான். "கனடா நம்பர், அண்ணை."

நகுலேஸ்வரன் போனைப் பறித்தார். "அக்கா?"

"இல்லை மாமா, நான் விதுரன்" என்றது ஓர் இளங்குரல். "இஞ்சை மழையாலை றேஸ் தொடங்கவேயில்லை, நாங்கள் வீட்டிலையிருந்து வந்த காருக்கை இருந்து உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறம், நான் வெல்லுவனோ எண்டு அம்மா உங்களிட்டைக் கேக்கச் சொல்லுறா."