ஒற்றைப்படை லினக்ஸும் பதினோரு சீர்த்தட்டும்

தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. பிள்ளைகள் இருவரும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். (இனி என்னைப் பார்த்துக் கெட்டுப்போக வீட்டில் ஆளில்லை.)

தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கனகசபை என்பவர் ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனி தொடங்கியிருந்தார். கடைக்காரர்களின் இணையப் பக்கங்களை ஒரு சர்வரில் ஏற்றி, ஊரெல்லாம் பார்க்கும்படி நாள் முழுக்க ஓடவிடுவதுதான் தொழில். யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இன்டர்வியூவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பிள்ளைக்கு லினக்ஸ் தெரியுமோ?”

“நல்லாத் தெரியும் சார்.”

(நான் படித்த டிப்ளமாவில் லினக்ஸ் என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில் வந்தது. அந்தப் பக்கம் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.)

மூன்று மாதம் பார்ப்பார். முதல் வாடிக்கையாளரின் பக்கம் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ரவாங்கில் மாமாவின் லோரிக் கம்பெனியில் போன் எடுக்கப் போக வேண்டும். அம்மா அதற்கு ஏற்கெனவே தலையாட்டி வைத்திருந்தார்.

லினக்ஸ் என்றால் ஒரே பொருள், கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இம்பிக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்ற சீனப் பையன் ஆ செங், “எந்த லினக்ஸ்?” என்று கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. ஆளாளுக்கு அதை ஒரு விதமாக மூட்டை கட்டி வெளியிடுகிறார்களாம். அந்த மூட்டைக்குப் பெயர் டிஸ்ட்ரிபியூஷன். ஆ செங் இரண்டு சிடிக்களை எடுத்து வைத்தான். உள்ளே இருக்கும் கெர்னல், அதாவது லினக்ஸின் உயிர்நாடி, எந்த எண் என்று மேலே மார்க்கரால் எழுதியிருந்தான். ஒன்றில் 2.0. மற்றதில் 2.1. பிறகு கால்மணி நேரம் மலாயில் எதையோ விளக்கினான். ஒரு கேள்வி கேட்டால்கூட என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில், எல்லாம் தெரிந்தவள்போல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

இரண்டு சிடியும் ஒரு வாரம் என் கைப்பையிலேயே கிடந்தன. முடிவு பிறந்தது கிள்ளானில்.

எங்கள் முதல் வாடிக்கையாளர் கிள்ளான் சரஸ் ஆன்டி. கல்யாணச் சீர்த்தட்டு அலங்காரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இணையப் பக்கத்துக்குப் படம் வாங்க நான் போனபோது, கடையில் தட்டுகளுக்குக் கண்ணாடித் தாள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரப் பெண் பத்தோடு நிறுத்திவிட்டாள்.

“அடியே, பத்தா வைப்பாங்க? ரெட்டைப்படை ஆகாது லா. இன்னொண்ணு கட்டு” என்றார், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் ஆன்டி.

எனக்கு மண்டையில் விளக்கெரிந்தது. 2.0 என்பது ரெட்டை. 2.1 ஒற்றை. மேலும் 2.1 புதியது. புதியதும் மங்களமானதும் ஒன்றாக வரும்போது வேறென்ன வேண்டும்? அன்று மாலையே கனகசபை சாருக்கு இரண்டு பக்க அறிக்கை தட்டிக் கொடுத்தேன். அதில் ‘மேம்பட்ட தொழில்நுட்பம்’ மூன்று இடத்திலும் ‘தீவிர ஆய்வுக்குப் பின்’ இரண்டு இடத்திலும் வந்தன. சீர்த்தட்டு மட்டும் வரவில்லை. சார் நிதானமாகப் படித்துப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஆன்டி கடையில் கம்ப்யூட்டருக்குப் பூமாலை, சந்தனம், குங்குமம், சுற்றிலும் பதினோரு தட்டு. கோயில் கமிட்டித் தலைவர்தான் மவுஸைத் தட்டித் திறந்து வைக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் சர்வருக்குக் காவலாகச் சார்.

விழாவுக்கு இருபது நிமிடம் முன்னால் எங்கள் முகப்புப் பக்கத்தைத் திரையில் வரவழைத்தேன். கொள்ளை அழகு. சும்மா இருந்திருக்கலாம். அடுத்த பக்கமும் வருகிறதா என்று ஒரு தட்டு தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். வெள்ளைத் திரை. ‘பேக்’ பட்டனைத் தட்டியதும், ஏற்கெனவே கடைக் கம்ப்யூட்டரில் இறங்கியிருந்த முகப்புப் பக்கம் மட்டும் திரும்பி வந்து நின்றது. சர்வர் போய்விட்டது என்று புரிந்தபோது எனக்கு ரவாங்கின் லோரிச் சத்தமே கேட்டது.

கடையில் இருந்தது ஒரே டெலிபோன் லைன். இணையத்தை வெட்டினால்தான் போன் பேசலாம். வெட்டினேன்.

“சார், சர்வர் ஸ்கிரீன்ல என்ன இருக்கு?”

“என்னவோ எழுதிக் கிடக்குது பிள்ளை. கெர்னல் பேனிக் எண்டு. நானும் பேனிக் பண்ணவோ?”

“வேணாம் சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

செய்தார். எழுந்த சர்வர் ஐந்தே நிமிடத்தில் மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை எழவே இல்லை. இதற்குள் கடை நிறைந்துவிட்டது. தலைவர் கையை மவுஸ் பக்கம் நீட்டினார்.

யோசிக்க நேரமில்லை. பக்கத்திலிருந்த பதினோராவது தட்டைத் தூக்கி மவுஸின் மேலேயே வைத்தேன்.

“இப்பத் தொடக்கூடாதுங்க ஐயா. தீபாராதனை முடிஞ்சப்புறம்தான்.”

(அப்படி ஒரு சாஸ்திரம் உலகத்தில் எங்கும் கிடையாது.)

“அதானே” என்றார் சரஸ் ஆன்டி, ஏதோ நாலு தலைமுறையாகத் தெரிந்தவர்போல.

தீபம் காட்டினார்கள். முகப்புப் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அதற்குள் பின்கட்டிலிருந்து நெய்ச்சோற்று வாசனை வர, தலைவர் உள்படக் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. மவுஸை ஒருவரும் நினைக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாப்பிடாமல் ஓடிப்போய் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன்.

அலுவலகத்தில் செத்த சர்வருக்குப் பக்கத்தில் சார் துக்க வீட்டில்போல உட்கார்ந்திருந்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று அங்கிருந்தே ஆ செங்குக்குப் போன் போட்டேன்.

அவன் கத்தியது சாருக்கே கேட்டது. “ஒற்றை எண்ணையா சர்வரில் போட்டாய்? அன்றே சொன்னேனே! கெர்னலில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் ஒற்றை என்றால் இன்னும் சோதனையில் இருப்பது. இரட்டை என்றால்தான் நிலையானது!”

போனை வைத்துவிட்டுச் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். லினக்ஸ் தெரியாது, அறிக்கை பொய், தேர்ந்தெடுத்தது சீர்த்தட்டுக் கணக்கு. சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை, சரஸிட்ட நான் என்ன சொன்னனான் தெரியுமோ? எங்களுக்கு ஏற்கெனவே பன்னிரண்டு கிளையன்ட் இருக்கினம் எண்டு.”

“நெசமாவா சார்?”

“அவதான் முதல் ஆள். உமக்கு லினக்ஸ் தெரியுமோ எண்டு நான் ஏன் மேல கேக்கேல்லை? எனக்கும் தெரியாது.”

அப்பாடா! ரயிலில் வரும்போது நெஞ்சில் இருந்த பாறாங்கல் அந்த நிமிடம் இறங்கியது. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பக்கங்களெல்லாம் பிளாப்பி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. 2.0 சிடியைப் போட்டு முதலிலிருந்து ஏற்றினோம். மாலை ஐந்து மணிக்குச் சரஸ் ஆன்டியின் பக்கம் முழுசாக எழுந்து நின்றது. பிறகு அது விழவே இல்லை. சார் அன்றே வேலை நிரந்தரக் கடிதம் எழுதித் தந்தார். “இனிப் பொய் சொல்லுறதெண்டால் ரெண்டு பேரும் பேசி வச்சு ஒரே பொய்யாச் சொல்லுவம்” என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஒரு வருடம் கழித்து ஆன்டியிடம் உண்மையைச் சொன்னேன். “மெஷின் என்ன கல்யாணம் காட்சி பார்த்ததா? அதுக்கு என்னம்மா தெரியும்” என்று சர்வரைத்தான் திட்டினார்.

என் கல்யாணத்துக்கு அவர்தான் தட்டு வைத்தார். பதினொன்று. கனகசபை சார் கையில் மாம்பழத் தட்டோடு வந்து சேர்ந்தார். “பன்னிரண்டாக்குங்கோ. ரெட்டை எண்டால்தான் நிலைக்கும்” என்றார். “என் மண்டபத்துல ரெட்டைப்படையா? சான்ஸே இல்ல லா!” என்று ஆன்டி அவரைத் தூணுக்குப் பின்னால் தள்ளினார்.

எங்கள் கல்யாணப் படத்தில் முன்னால் பதினோரு தட்டு வரிசையாக இருக்கும். தூணுக்குப் பின்னால் பாதி முகம், இரண்டு பேனா, ஒரு மாம்பழத் தட்டு. இன்றைக்கும் வீட்டில் வைஃபை நின்றாலும், கார் கிளம்பாவிட்டாலும், எனக்கும் என் கணவருக்கும் சண்டை முற்றினாலும், என் மகள் அந்தப் படத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: “தாத்தா, அந்தப் பன்னிரண்டாவது தட்டைக் கொஞ்சம் முன்னால கொண்டு வாங்க!”