ஹாஜியார் பெயரில் வந்த புயல்

வங்காள விரிகுடாவில் எங்கேயாவது ஒரு சுழி விழுந்தால், கப்பல்காரர்களுக்கு முன்னால் அது கண்டியில் ஒரு லோண்டரிக்காரருக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் அந்த மனிதர் கடலைக் கண்ணால் கண்டவர் இல்லை. அவர் அறிந்த பெரிய தண்ணீர் கண்டிக் குளம்தான். அதைக்கூட முழுதாகச் சுற்றி நடந்ததில்லை. கால் வலிக்கிறது என்று பாதியில் திரும்பிவிடுவார்.

மஹியாவ மேட்டில் எங்கள் சந்து முனையில் அவர் கடை. பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் 'தாழமுக்கம்'. வானிலை அறிக்கையில், காற்றழுத்தத் தாழ்வைக் குறிக்கும் அந்தச் சொல் வந்தால் நாங்கள் குடையைத் தேடுவோம். அவர் முகம் மட்டும் கலியாண வீட்டுக்காரர் முகம்போல மலர்ந்துவிடும்.

மழை இல்லாவிட்டால் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது, துவைக்க முடியாது. மழை பெய்தால் துவைக்கலாம், காய வைக்க முடியாது. இந்தச் சிக்கலை ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"ராத்திரியில மழை, பகல்ல வெயில். இதுல என்ன டீச்சர் கஷ்டம்? மேல இருக்கிறவன் கொஞ்சம் மனசு வெச்சா போதும்" என்றார், ஏதோ நகரசபையைக் குறை சொல்வதுபோல.

அவருடைய கைத்தொலைபேசியில் ஒரு வரைபடம் இருந்தது. கடல் நீலமாகவும் காற்று வெள்ளைக் கோடுகளாகவும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். அழுக்குத் துணியோடு போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் துணியைக் கொடுக்க வேண்டும். "இந்தா பாருங்க, அந்தமானுக்குக் கீழ ஒருத்தன் எழும்பிட்டான்" என்பார். எழும்பியவன் நம் பக்கம் முகத்தைக் காட்டிவிட்டு நேரே ஆந்திராவுக்குப் போய்விடுவான். அன்றைக்குத் தாழமுக்கத்திடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். கடையில் இஸ்திரிப் பெட்டி மட்டும் கோபமாக இடிபடும்.

புயல்களுக்கு அரசாங்கங்கள் வைக்கும் பெயர்கள் அவருக்குப் பிடிக்காது. "வாயில நுழையாத பேரு வெச்சா அது எப்படி வீட்டுக்குள்ள நுழையும்" என்று சொல்லி, தாமே பெயர் வைத்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்க வராத வாடிக்கையாளர்களின் பெயர்கள்தான் எல்லாம். ஒன்றுக்கு என் கணவரின் பெயரும் விழுந்தது. "உங்க சார் மாதிரியேதான் டீச்சர். திருகோணமலை வரைக்கும் வந்துட்டு, என்ன நெனச்சாரோ, திரும்பிட்டாரு." என் கணவர் அன்று மாலையே போய்த் தன் காற்சட்டைகளை மீட்டுக்கொண்டு வந்தார்.

அந்த ஆண்டு வறட்சி விளையாட்டாக இல்லை. மகாவலி பாறைகளுக்கு நடுவே நூலாக ஓடியது. எங்கள் சந்துக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. குடிக்க மட்டும்தான், துவைக்கக்கூடாது என்று பவுசர்க்காரர் தாழமுக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். தெல்தெனியவில் நீர்த்தேக்கம் வற்றி, பல காலத்துக்கு முன் மூழ்கிப்போன பழைய ஊர் வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டதும், தாழமுக்கம் கடையைப் பூட்டிவிட்டுப் பார்க்கப் போனார். சாவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு திரும்பினார்.

"பழைய ரோட்டுல ஆளுக நடந்து போறாங்க டீச்சர். ஐஸ்கிரீம் வான் ஒண்ணு பாட்டுப் போட்டுக்கிட்டு நிக்குது. குளம் செத்துக் கெடக்குது, இவங்க செல்ஃபி எடுக்கிறாங்க. நான் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"யாருக்கு?"

"ஐஸ்கிரீம்காரனுக்கு. பாட்டையாவது நிறுத்துடான்னேன்." சிறிது யோசித்தார். "நிறுத்திட்டான். அதுக்காக ஒண்ணு வாங்கித் தின்னேன்."

அப்படிப்பட்ட நாட்களில்தான் அலவத்துகொட ஹாஜியார் கடைக்கு வந்தார். கலியாணங்களுக்குக் கதிரை, மேசை, பாத்திரம் வாடகைக்குக் கொடுப்பவர். தாழமுக்கத்தின் வாடிக்கையாளர்களிலேயே சொன்ன நேரத்துக்கு வந்து துணி எடுக்கும் ஒரே மனிதர். இந்த முறை கலியாணம் அவருடைய கடைசி மகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த வயலில் பந்தல். கதிரை உறைகள் மூட்டை மூட்டையாக அவருடைய வான் வண்டியிலிருந்து இறங்கின.

"தண்ணி இல்லியே ஹாஜியார்" என்றேன் நான், என் சேலையை வாங்க நின்ற இடத்தில்.

"வரும்" என்றார் தாழமுக்கம். தொலைபேசியை எடுத்துக் காட்டினார். மட்டக்களப்புக்குக் கிழக்கே வெள்ளைக் கோடுகள் சுருண்டுகொண்டிருந்தன. "வெள்ளிக்கிழமை வந்துருவாரு. இந்தத் தடவை ஏமாத்த மாட்டாரு. பேரு அப்படி."

"என்ன பேரு?" என்றார் ஹாஜியார்.

தாழமுக்கம் மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "உங்க பேரைத்தான் வெச்சிருக்காரு. நீங்க வாக்குத் தவறாத ஆளாம்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "என்ட மகள்ட கலியாணப் பந்தல, என்ட பேர்லயே புயல் வந்து பிச்செறியப் போகுதா?"

"பந்தலுக்கு ஒண்ணும் ஆகாது. மழை வந்தாத்தானே உறை துவைக்கலாம்."

"மழ வாணாம்னு நான் செல்லல்ல. எங்கட பள்ளியிலயும் மழைக்கித்தான் தொழுதீக்கோம். ஞாயித்துக்கெழம தாண்டி வரட்டும்னுதான் செல்றேன்."

"அப்ப உறை?"

"அப்ப பந்தல்?"

இருவரும் சந்தையில் மீன் விலை பேசுவதுபோலப் புயலைப் பேசத் தொடங்கினார்கள். ஹாஜியார் திங்கட்கிழமைக்குக் கேட்டார். தாழமுக்கம் வெள்ளியை விட்டு இறங்கவில்லை. கடைசியில், வெள்ளி பெய்து சனி காலையில் விட்டுவிட வேண்டும் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். புயலுக்கு இது தெரிவிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து சந்தில் தாழமுக்கத்தின் சட்டம் அமுலுக்கு வந்தது. மழை வராது என்று யாரும் சொல்லக்கூடாது. குடையை வெயிலுக்குப் பிடிக்கக்கூடாது. புயலாக வருகிறவர் மனம் கோணுவார். எல்லாக் கூரைகளுக்கும் கீழே தாழமுக்கமே பீப்பாய், அண்டா, பழைய குளியல் தொட்டி என்று வரிசையாக அடுக்கினார். என் வீட்டு இட்டலிப் பானையும் போனது.

வெள்ளி காலையில் காற்று வந்தது. சந்தே வாசலில் நின்று வானத்தைப் பார்த்தது. வானொலியில் மழை என்றார்கள். அடுத்து, மலைச்சரிவுகளில் இருப்பவர்கள் மண்சரிவைக் குறித்து அவதானமாக இருக்கும்படி சொன்னார்கள். சிரித்துக்கொண்டிருந்த தாழமுக்கம் சட்டென்று நின்றுபோனார்.

மடுல்கெல்லவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அவருடைய அக்கா தனியாக இருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே மண் மேடு. மழை வேண்டும் வேண்டும் என்று இத்தனை நாள் சொன்ன மனிதருக்கு அந்த மேடு இப்போதுதான் ஞாபகம் வந்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, செருப்பை மாற்றாமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

மாலையில் மழையோடு திரும்பினார்கள். அக்கா ஒரு கையில் துணி மூட்டையும் மறு கையில் பைக்குள் ஒரு சேவலுமாக வந்து இறங்கினார். வந்ததும் என்னிடம் முறையிட்டார்.

"நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். வாசல்ல குந்திக்கிட்டு, நீ வராட்டி நானும் இங்கேயே கெடக்குறேன்னு அடம் புடிச்சான் டீச்சரம்மா. வத்தேகம தாண்டி மழை புடிச்சதும், பஸ்ஸுக்குள்ள எழும்பி நின்னு கும்புடுறான். எனக்கு மானம் போச்சு. கொண்டக்டர் இவனுக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு தண்ணி குடுக்கிறாரு."

மழை என்றால் அப்படி ஒரு மழை. பீப்பாய்கள் நிரம்பின. சனிக்கிழமை சந்தே சேர்ந்து உறைகளை மிதித்துத் துவைத்தது. உடன்பாட்டின்படி காலையில் மழை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. மின்சாரமும் போய்விட்டது. தாழமுக்கம் பரணிலிருந்து சிரட்டைக் கரி போடும் பழைய இஸ்திரிப் பெட்டிகளை இறக்கினார். நாங்கள் உறைகளைப் பிழிந்து கொடுக்க, அவரும் அக்காவும் ஈரத்தை இஸ்திரியாலேயே உலர்த்தினார்கள். கடைக்குள் புகை மூட்டம். சேவல் தும்மியது.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாரின் பந்தல் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்றது. கலியாணத்தை மதரசா மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். உறை துவைத்த சந்துக்கும் அக்காவுக்கும் அழைப்பு இருந்தது. உறைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் கரிப் புகை வாசம். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அது உள்ளே இறைச்சி சுடும் வாசமாகப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் புரியாணியோடு, சுட்ட இறைச்சி எப்போது வரும் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் அவசரமாக ஆள் அனுப்பிக் கோழி சுட்டார்.

கோபத்தோடு வருவார் என்று தாழமுக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஹாஜியார் வந்தார். கையைப் பிடித்து இழுத்துப் போய், ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து சாப்பிடும் தம் குடும்பத்துச் சஹனில் உட்கார வைத்தார். "சாப்புடுங்க. என்ட பேர் வெச்ச புயல் வாக்குத் தவறல்ல. எங்கட கிணறு நெரம்பீக்கி" என்று இறைச்சித் துண்டை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மடுல்கெல்லவிலிருந்து அழைப்பு வந்தது. மேடு இறங்கி, அக்காவின் குசினிக்குள் அடுப்பு வரை மண் புகுந்திருந்தது. தோட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாழமுக்கத்துக்குக் கை தட்டுக்குப் போகவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நான்தானே டீச்சர் கூப்பிட்டேன்."

"நீங்க கூப்பிட்டா வரும்னா, முந்தி கூப்பிட்டதெல்லாம் ஏன் ஆந்திராவுக்குப் போச்சு?"

 மெல்லச் சிரித்தார். அக்காவுக்குக் கோழிக் கால் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க உள்ளே போனார்.

அதன் பிறகும் அவர் புயல் பார்ப்பதை விடவில்லை. அக்காவைத் திரும்ப அனுப்பவும் இல்லை. சென்ற ஆண்டு கடையைக் கொடுத்துவிட்டு, இருவரும் மாத்தளையில் உறவுக்கார மருமகன் ஒருவரின் வீட்டோடு போய்விட்டார்கள். மாதத்தில் சில தடவை எனக்கு அழைப்பு வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "டீச்சர், அங்க பெய்யுதா?" என்பார்.

நான் எட்டி வெளியே பார்ப்பேன். வெயில் சந்து முழுவதையும் பொரித்துக்கொண்டிருக்கும்.

"லேசா தூறுதுண்ணே" என்பேன்.